கிண்ணம் நிறைந்திருந்தது

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஒரே வகுப்பில் படித்த நான்கு பேர் சேர்ந்து தயாரித்து வாசித்த உரை)



 

நூற்றாண்டு விழாவில் பேசுவதற்கு ஒவ்வொரு வகுப்புக்கும் பத்து நிமிடம் என்று விழாக்குழு சொன்னது. மற்ற வகுப்பினர் பாடசாலையின் வரலாறு, பெண் கல்வி, கட்டட நிதி என்று தலைப்புக் கொடுத்தார்கள். நாங்கள் கொடுத்த தலைப்பு, "கூண்டில் வளர்க்கும் சின்னப் பறவைகளுக்குப் பச்சை மரக்கறியும் பழமும் கொடுத்தல்". குழுவில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர் மெதுவாக, "எங்கட வீட்டிலயும் இரண்டு இருக்கு, நேற்று ஒன்று மௌத்தாப் போச்சு" என்றார். தலைப்பு அப்போதே நிச்சயமாகிவிட்டது.

எங்கள் நால்வரில் இருவர் ஆசிரியைகள். ஒருவர் வீட்டிலிருந்து தையல் வேலை செய்பவர். மற்றவர் குடும்பத்தோடு கட்டாரில் பல வருடம் இருந்து திரும்பியவர். மிருக வைத்தியம் படித்தவர் எங்களில் யாரும் இல்லை. பிழை செய்து, அதனால் படித்துக்கொண்டவர்கள் என்பதுதான் எங்கள் தகுதி.

2020 இல் கொரோனா வந்து வீடுகள் பூட்டிக் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பாடசாலை இல்லை, மத்ரஸா இல்லை, கடற்கரைக்குப் போக வழியில்லை. பிள்ளைகள் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். அப்போதுதான் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் எங்களுக்குத் தெரிந்த பல வீட்டு விறாந்தைகளில் கம்பிக் கூடுகள் தொங்கத் தொடங்கின. எங்கள் நாலு வீட்டிலும் அப்படித்தான். பச்சை, நீலம், மஞ்சள் என்று சின்னச் சின்னப் பறவைகள். "லவ் பேர்ட்ஸ்" என்று சொல்லித்தான் விற்றார்கள், நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம். உண்மையில் அவை பட்ஜி என்கிற அவுஸ்திரேலியச் சிறு கிளிகள். சரியான லவ் பேர்ட் ஆபிரிக்காவைச் சேர்ந்த வேறோர் இனம். பெயரே தெரியாமல் வளர்க்கத் தொடங்கினோம் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

வாங்கிய இடத்தில், "தினை போடுங்க, தண்ணி வைங்க, வேறொன்றும் தேவையில்லை" என்றார்கள். எங்களுக்கும் அது வசதியாக இருந்தது.

எங்களில் ஒருவரின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். அங்கே ஒன்பது வயது மகளுக்காக ஒரு பச்சையும் ஒரு நீலமும் வாங்கினார்கள். ஒரு வருடம் போனது. பச்சைப் பறவை தும்மத் தொடங்கியது. மூக்கைச் சுற்றி ஈரம், வாய்க்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. இறகை உப்பிக்கொண்டு கூட்டின் அடியில் இருந்தது. குளிர் பிடித்திருக்கிறது என்று நினைத்துத் துணி போட்டு மூடினோம். நாலாம் நாள் காலை செத்துக் கிடந்தது. "அதன்ட ஆயுள் அவ்வளவுதான், மகள்" என்று சொல்லி முடித்தோம். அடுத்த கிழமையே நீலத்துக்குத் துணையாக ஒரு மஞ்சள் பறவை வந்தது.

சில மாதம் கழித்துக் காத்தான்குடியில் ஒரு கலியாணம். மூன்று நாள் போக வேண்டும். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களும் சொன்னபடி தினமும் வந்து பார்த்தார்கள், தண்ணீரும் மாற்றினார்கள். தீன் கிண்ணம் விளிம்புவரை நிறைந்திருந்ததால் தீன் போடவில்லை. திரும்பி வந்தபோது நீலப் பறவை கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே செத்துக் கிடந்தது. மஞ்சள் நிற்க முடியாமல் இருந்தது. கிண்ணத்தைக் கையில் எடுத்து ஊதினால், எல்லாம் பறந்து போனது. அத்தனையும் உமி. அடியில் பத்து விதைகூட இல்லை.

இந்தப் பறவைகள் விதையை அலகால் உடைத்துப் பருப்பை மட்டும் தின்றுவிட்டு, உமியை அதே கிண்ணத்துக்குள் போட்டுவிடும். மேலே பார்த்தால் விதை நிறைந்திருப்பது போலவே இருக்கும். முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள ஓர் உயிர் ஒன்றிரண்டு நாள் பட்டினியைத் தாங்காது. பக்கத்து வீட்டாரில் ஒரு குற்றமும் இல்லை. அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள். எங்களுக்கே தெரியாது.

அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியை இன்னும் மறக்க முடியவில்லை: "கிண்ணம் நிறையத்தானே இருந்திச்சு, உம்மா?"

"அழாதே, புதுசு ஒன்று வாங்கித் தாறன்" என்றுதான் உடனே சொல்லத் தோன்றியது. ஆனால் அன்று இரவு எங்கள் நால்வருக்கும் ஒரே ஹதீஸ் நினைவுக்கு வந்தது. மத்ரஸாவில் படித்ததுதான். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சின்னப் பிள்ளை. ஒரு சின்னக் குருவியை வைத்து விளையாடுவார். அந்தக் குருவி போனபின் கவலையோடு இருந்த அந்தப் பிள்ளையிடம், குருவிக்கு என்ன நடந்தது என்று நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்தார்கள். இந்த ஒரு சம்பவத்திலிருந்து மட்டும் அறுபது படிப்பினைகளை எடுத்துக் காட்டினார் இப்னுல் காஸ் என்ற பழங்கால அறிஞர். பறவை வளர்க்கலாம் என்பது அவற்றில் ஒன்று. பிள்ளையின் துக்கத்தைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது என்பது எங்களுக்குப் பட்ட படிப்பினை. அதனால் புதுப் பறவை வாங்கவில்லை. கேள்விக்குப் பதில் தேடினோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருவரின் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் படித்தாள். அவளிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "மாமி, நீலம் வெறும் உமியைப் பார்த்துக்கொண்டு பட்டினியால செத்தது. பச்சையும் ஒரு வகைப் பட்டினியாலதான் செத்திருக்கும். அது நிறையத் தின்றுகொண்டே கிடந்த பட்டினி."

இது எங்களுக்குத் தலையில் அடித்தது போல இருந்தது. ஏனென்றால் இந்தப் பாடம் எங்களுக்கு இதே பாடசாலையில், மனைப்பொருளியல் வகுப்பில் சொல்லித் தந்ததுதான். வயிறு நிறையச் சோறு தின்றாலும் சத்துக் குறைந்தால் நோய் வரும். விற்றமின் ஏ இல்லாவிட்டால் மாலைக்கண், பீ1 இல்லாவிட்டால் பெரிபெரி. பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கினோம். பறவைக்கும் அதே பாடம்தான் என்று மட்டும் யோசிக்கவில்லை.

அந்தப் பாடத்தை உலகத்துக்குக் கற்பித்ததே பறவைகள்தான் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஏறத்தாழ 1890 ஆம் ஆண்டளவில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டச்சு வைத்தியர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய கோழிகளுக்கு இராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டது. கோழிகள் கால் விழுந்து, நடக்க முடியாமல் போயின. பிறகு அங்கே புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தின் சோற்றைக் கோழிக்குக் கொடுக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசி போட வேண்டி வந்தது. கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் இருக்கும் ஏதோ ஒன்று உயிரைக் காக்கிறது என்பது அப்படித்தான் தெரிய வந்தது. பின்னர் கசிமிர் ஃபங்க் புறாக்களை வைத்து ஆராய்ந்து, 1912 இல் விற்றமின் என்ற பெயரை வைத்தார். 1929 இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளை அரிசிக்கும் சிவப்பரிசிக்கும் உள்ள வித்தியாசம் நெல் விளையும் நம்முடைய ஊருக்குப் புதிதல்ல. ஆனால் நாங்கள் பறவைக்குப் போட்ட வெறும் தினையும், அந்தக் கோழிகளுக்குப் போட்ட வெறும் வெள்ளைச் சோறும் ஒன்றுதான் என்பது புதிதாக இருந்தது.

உலர்ந்த விதையில் மாச்சத்தும் கொழுப்பும் உண்டு. விற்றமின் ஏ ஏறக்குறைய இல்லை. கல்சியம் மிகக் குறைவு. அயடினும் குறைவு. விற்றமின் ஏ குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உள் தோல் தடித்துக் காய்ந்துவிடும். அந்த இடத்தில் கிருமி எளிதாக ஏறும். தும்மல், மூக்கில் ஈரம், வாயில் வெள்ளைப் படிவு எல்லாம் அப்படி வருபவை. அயடின் குறைந்தால் பட்ஜிகளுக்குக் கழுத்துச் சுரப்பி வீங்கி, மூச்சு விடும்போது கீச்சென்று சத்தம் வரும். கல்சியம் குறைந்த பெட்டைப் பறவை முட்டையை இட முடியாமல் சிக்கி இறக்கும். போதாததற்கு, பறக்காமல் கூண்டுக்குள் இருந்து விதையே தின்னும் பட்ஜி கொழுத்துவிடும். அதைப் பார்த்து நன்றாக வளர்கிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

"காட்டில் அது விதைதானே தின்னுகிறது?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மெல்பேணிலும் சிட்னியிலும் இருக்கும் நம் தோழியருக்கு அந்தப் பறவையின் சொந்த நாடு தெரிந்திருக்கும். அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் பட்ஜிகள் கூட்டம் கூட்டமாக மழையைத் தேடிப் பறந்து திரியும். மழை பெய்த இடத்தில் புல் முளைத்துக் கதிர் விடும்போது போய் இறங்கும். பல வகைப் புல், பல வகை விதை. அதிலும் முற்றாத, பச்சையான விதை.

இதைப் புரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் வட்டைகளில் வேளாண்மை கதிராகும் காலத்தை நினைத்துப் பாருங்கள். நெற்குருவி எப்போது வரும்? நெல் முற்றிக் காய்ந்த பிறகா? கதிர் பால் பிடிக்கும்போதே வந்துவிடும். அந்தக் காலத்தில் தகரம் தட்டி, சத்தம் போட்டுக் குருவி விரட்டியது நம் வாப்பாமாருக்கு நினைவிருக்கும். தெரிவு செய்ய இடமிருந்தால் பறவை பச்சையைத் தேடும். தெரிவு செய்ய இடமில்லாமல் செய்தது நாங்கள். அதனால் பச்சையைக் கூண்டுக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதும் நாங்கள்தான்.

இனி, என்ன கொடுப்பது என்று பார்ப்போம். இதற்குத் தனியாகக் காசு செலவழிக்கத் தேவையில்லை. கல்முனைச் சந்தையில் கறிக்கு வாங்குவதில் ஒரு துளி போதும்.

முதலாவது, கரும்பச்சை இலைகள். முருங்கை இலை எல்லாவற்றிலும் நல்லது. வேலியிலேயே இருக்கிறது. ஒரு சின்னக் கொத்தை அப்படியே கூட்டுக்குள் கட்டித் தொங்கவிடலாம். வல்லாரை, கங்குன், அகத்தி, மல்லி இலை எல்லாம் கொடுக்கலாம். பசளி, முளைக்கீரை, பீற்றூட் இலை ஆகியவற்றில் கல்சியத்தைப் பிடித்து வைக்கும் அமிலம் கூடுதல். அவற்றை விலக்கத் தேவையில்லை, தினமும் அவையே என்று ஆகிவிடாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தால் சரி.

இரண்டாவது, மஞ்சளும் செம்மஞ்சளுமான மரக்கறிகள். நுவரெலியாவிலிருந்து வரும் கரட்டைத் துருவிக் கொடுக்கலாம். பூசணிக்காயைப் பச்சையாகவும் கொடுக்கலாம், உப்பில்லாமல் அவித்தும் கொடுக்கலாம். வற்றாளங்கிழங்கை அவித்து ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். விற்றமின் ஏயாக மாறும் சத்து இவற்றில்தான் நிறைய. இளம் சோளன், போஞ்சி, குடைமிளகாய் ஆகியனவும் நல்லவை. வெள்ளரிக்காயைப் பறவை விரும்பித் தின்னும், வெயில் நாளில் நல்லது. ஆனால் அது பெரும்பாலும் தண்ணீர். சத்துக்கு அதை நம்பக்கூடாது.

கொச்சிக்காயும் கொடுக்கலாம் என்றபோது நாங்கள் யாரும் நம்பவில்லை. நமக்கு உறைக்கும் பொருள் பறவைக்கு உறைப்பதில்லை. அதன் உடம்பில் அந்த எரிவை உணரும் அமைப்பு வேறு விதமாக இருக்கிறது. கொச்சிச் செடி தன் விதையைப் பரப்பப் பறவையை நம்பியிருக்கிறது. விதையை மென்று அழிக்கும் எலி போன்றவற்றைத்தான் அந்த உறைப்பு விரட்டுகிறது. சிவந்த கொச்சிக்காயில் விற்றமின் ஏக்குரிய சத்தும் உண்டு. எங்கள் மஞ்சள் பறவை கொச்சி விதையை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்பதைப் பார்த்தால் எங்களுக்குத்தான் கண்ணில் தண்ணீர் வரும்.

மூன்றாவது, பழம். பப்பாசி, மாம்பழம், கொய்யா, வத்தகப்பழம், வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். ஆனால் பழத்தில் சீனி அதிகம். நகத்தளவு துண்டு, கிழமைக்கு இரண்டு மூன்று தடவை போதும். அப்பிள் என்றால் விதையை எடுத்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்கும்போது எந்தக் கட்டுப்பாட்டை வைப்போமோ, அதே கட்டுப்பாடு.

நான்காவது, முளைவிட்ட தானியம். பாசிப்பயறு, தினை, குரக்கன் எதையும் இரவு ஊறவைத்து, காலையில் வடித்து, நாளைக்கு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி வையுங்கள். வெள்ளையாக முளை எட்டிப் பார்த்ததும் கொடுக்கலாம். புளித்த மணம் வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். இது மழை கண்ட புல் விதைக்கு மிகக் கிட்டிய உணவு. பிஞ்ச், கனேரி வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். பிஞ்ச் பறவைகளுக்கு இதோடு பால் பிடித்த புற்கதிரும், கொஞ்சம் அவித்த முட்டையும் மிகவும் பிடிக்கும்.

கல்சியத்துக்கு நாம் கடைக்கே போக வேண்டாம். நம் கடற்கரையில் கணவாய் ஓடு ஒதுங்கும். நாட்டு மருந்துக் கடையில் அதைத்தான் கடல்நுரை என்பார்கள். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, உப்புப் போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, மென்மையான பக்கம் பறவையைப் பார்க்கும்படி கூட்டில் கட்டிவிடுங்கள்.

அளவு எவ்வளவு? ஒரு பட்ஜிக்கு நாளொன்றுக்கு விதை ஒன்றரை, இரண்டு தேக்கரண்டி. பொடியாக அரிந்த மரக்கறி, இலை ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி. விதையை நிறுத்திவிட்டு மரக்கறி மட்டும் கொடுப்பதும் பிழை.

இவ்வளவும் தெரிந்துகொண்டு, மறுநாளே கரட்டும் முருங்கையும் வைத்தோம். மஞ்சள் பறவை கிட்டவே வரவில்லை. பயந்து மூலைக்குப் போய்விட்டது. பிறந்ததிலிருந்து விதையைத் தவிர எதையும் பார்த்திராத பறவைக்கு முருங்கை இலை சாப்பாடாகத் தெரியாது. பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகிறார்கள். "எங்கட குருவி மரக்கறி தின்னாது" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

இந்த இடத்தில் வென்றது அந்தப் பிள்ளைதான். தினமும் சுபஹுக்குப் பிறகு, பறவைக்குப் பசி கூடிய நேரத்தில், இலையைத் தண்ணீரில் நனைத்து அதே இடத்தில் கட்டிவைத்தாள். கரட்டைப் பொடியாக அரிந்து விதைக்கு மேல் தூவினாள். கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து தானும் ஒரு கரட்டைக் கடித்துத் தின்றாள். பறவை கூட்டமாகத் தின்னும் உயிர். பக்கத்தில் ஒருவர் தின்றால் தானும் பார்க்கும். மத்தியானத்துக்கு முன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வழக்கமான விதையை வைப்பாள். ஒருநாளும் பட்டினி போடவில்லை. பட்டினி போட்டுப் பழக்குவது சின்னப் பறவைக்கு ஆபத்து.

ஒரு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் கிழமை நனைந்த இலையில் உடம்பைத் தேய்த்துக் குளித்தது. மூன்றாம் கிழமை ஒரு காலை, "உம்மா, கடிச்சிட்டுது, கடிச்சிட்டுது" என்று சத்தம். எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். இலை நுனியில் ஊசி முனை அளவு ஒரு வெட்டு. அதற்காக அந்த வீட்டில் அன்று வட்டிலப்பம் அவித்தார்கள் என்றால் நம்புவீர்களா? அவித்தார்கள்.

பழம், மரக்கறி தின்னத் தொடங்கியதும் எச்சத்தில் தண்ணீர் கூடும். வயிற்றோட்டம் என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். பறவை சுறுசுறுப்பாக இருந்தால் அது உணவில் உள்ள தண்ணீர்தான்.

நம்முடைய வெக்கைக்குச் சில கவனங்கள் தேவை. அரிந்து வைத்த மரக்கறி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கூட்டில் இருக்கக் கூடாது. மருந்தடித்த இலைகளாக இருக்கலாம், ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். எறும்பு வராமல் இருக்க உம்மம்மாமார் சாப்பாட்டு அலுமாரியின் காலுக்குத் தண்ணீர்ச் சிரட்டை வைப்பார்கள். நிறுத்தி வைக்கும் கூண்டுக்கும் அதுவே வழி.

கொடுக்கக் கூடாதவற்றைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். முதலாவது ஆனைக்கொய்யா, அதாவது அவகாடோ. அதில் இருக்கும் ஒரு பொருள் பறவையின் இதயத்தைத் தாக்கும். 1989 இல் வெளியான ஓர் ஆய்வில், பிசைந்த ஆனைக்கொய்யா கொடுத்த பட்ஜிகளில் பல இரண்டு நாளுக்குள் இறந்துபோயின. நோன்பு காலத்தில் நம் வீடுகளில் ஆனைக்கொய்யா அடித்துக் குடிப்போம். மிஞ்சியதைப் பிள்ளைகள் ஆசையாகக் குருவிக்கு நீட்டுவார்கள். அதைத் தடுக்க வேண்டும். சொக்கலேட், தேத்தண்ணி, கோப்பி கூடாது. தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட்டும் கூடாது. வெங்காயம், உள்ளி, உப்புப் போட்ட கடலை, முறுக்கு, சிப்ஸ் கூடாது. மரவள்ளிக் கிழங்கும் இலையும் பச்சையாகக் கூடாது. உணவில் சேராத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஒட்டாத பூச்சுள்ள தாச்சி வெறுமையாக அடுப்பில் காய்ந்து புகைந்தால், அந்தப் புகையே பறவையைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். கூட்டை அடுப்படியில் வைக்காதீர்கள்.

இறகை உப்பிக்கொண்டு அடியில் இருத்தல், மூச்சுக்கு மூச்சு வால் ஆடுதல், தின்னாமல் இருத்தல், இவற்றைக் கண்டால் துணி போட்டு மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். சின்னப் பறவை தன் நோயைக் கடைசிவரை மறைக்கும். நாங்கள் இழந்த நாலு நாளை நீங்கள் இழக்க வேண்டாம்.

தோழியரே, இவ்வளவு நேரம் ஒரு சின்னப் பறவையின் கிண்ணத்தைப் பற்றிப் பேசினோம். பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவு கொடுக்காமல், தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நாம் எல்லோரும் அறிந்தது. நாங்கள் உணவு கொடுக்காமல் விட்டவர்கள் இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால் தேடித் தின்னும் வழியை அடைத்தது நாங்கள்தான். அடைத்த பிறகு, கிண்ணம் நிறைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் பொறுப்பும் நம்மைச் சேர்ந்தது. அதற்கு நேரமில்லாத வீட்டில் பறவை வாங்காமல் இருப்பதே நல்லது. பிள்ளை எவ்வளவு அழுதாலும் சரி.

அந்த மஞ்சள் பறவை இன்றும் இருக்கிறது. நன்றாகக் கவனித்தால் பட்ஜி எட்டு, பத்து வருடம்கூட வாழும் என்கிறார்கள், இன்ஷா அல்லாஹ். அந்தப் பிள்ளை இப்போது இந்தப் பாடசாலையில், எங்கள் பழைய வகுப்பறை இருந்த கட்டடத்தில்தான் படிக்கிறாள். அவள் கேட்ட கேள்விக்கு நாங்கள் கொடுத்த பதில் இந்த உரை. கொஞ்சம் பிந்திவிட்டது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். கொழும்பில் இருந்தாலும், தோஹாவில் இருந்தாலும், இலண்டனில் இருந்தாலும், கூட்டுக்குள் இருக்கும் கிண்ணத்தை வெளியே எடுத்து ஒரு தடவை ஊதிப் பாருங்கள். மிஞ்சுவதைப் பாருங்கள். பிறகு கறிக்கு வைத்திருக்கும் முருங்கையில் ஒரு கொத்தை நனைத்து உள்ளே கட்டிவிடுங்கள். மூன்று கிழமை பொறுத்திருங்கள்.